தோசைக் கரண்டிச் சட்டம்

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில மிட்டாய்த் தாளைப் பிரிச்சுக்கிட்டிருக்கற பிள்ளைகளே... கொடி ஏத்தியாச்சு, சல்யூட் அடிச்சாச்சு. சங்கத்துல எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அதுல எட்டு நிமிஷத்த ஏற்கெனவே தின்னுட்டேன். மிச்சம் ரெண்டு நிமிஷம்... அந்த ரெண்டு நிமிஷத்தப் பத்தியே ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன். சொல்லட்டுமா?

கோதண்டம்னு ஒருத்தர். நல்ல மனுஷன். ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ். ஆனா ஒரு குணம்... அடுத்தவங்க பேச ஆரம்பிச்சா, முடிக்கறது இவராத்தான் இருக்கும். சம்சாரம் அமுதவல்லி வந்து, "ஏங்க, ஒரு விஷயம்..."ன்னு ஆரம்பிச்சா, "சாம்பார்ல உப்பு கம்மி"ம்பாரு. "இல்லீங்க, அது வந்து..."ன்னா, "அப்புறம் பேசலாம், நியூஸ் போடு"ம்பாரு. கெட்டவரா? இல்லவே இல்ல. நம்மள மாதிரிதான்! ...அண்ணே, சிரிக்காதீங்க, அண்ணி பாக்கறாங்க.

போன வருஷம், இதே ஜனவரி இருபத்தாறு. டிவியில டெல்லி அணிவகுப்பு ஓடுது. மூத்தவ இனியா, ஒம்பது வயசு. சின்னவன் முகில், ஆறு. ரெண்டும் பேப்பர்ல கொடி வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு. பெட்ஷீட்ட முதுகுல கட்டிக்கிட்டு ஹால்ல லெஃப்ட் ரைட் போட்டாச்சு. தலகாணி எல்லாம் பீரங்கி ஆயாச்சு. அதுவும் அலுத்துப்போச்சு. அப்ப இனியா கேக்கறா:

"அப்பா, சுதந்திர தினம்னா வெள்ளக்காரன் போன நாள். குடியரசு தினத்தன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?"

கோதண்டத்துக்கு நெஞ்சு நிமிந்துபோச்சு. "நமக்கு நாமே சட்டம் எழுதி, இனிமே எல்லாரும் இதுக்குக் கட்டுப்படணும்னு கொண்டுவந்த நாள்மா. பெரியவன் சின்னவன்லாம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்!"

"அப்ப நம்ம வீட்டுக்கும் எழுதுவோம்ப்பா!"

அட, விளையாட்டு நல்லாருக்கேன்னு அவரும் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. பழைய காலண்டர் அட்டையோட பின்பக்கம் எழுதினாங்க. சட்டம் ஒண்ணு: சாப்பிடறப்ப போன் பாக்கக் கூடாது. ரெண்டு: அவங்கவங்க தட்ட அவங்கவங்க கழுவணும். மூணாவது, முகில் கொண்டுவந்தது. அக்கா எப்பவும் குறுக்க பேசறாங்கற ஆத்திரம் அவனுக்கு. "தோசைக் கரண்டி யார் கையில இருக்கோ, அவங்க ரெண்டு நிமிஷம் பேசலாம். நடுவுல யாரும் வாயத் திறக்கக் கூடாது!"

கோதண்டம் பச்சை இங்க் பேனாவுல பெரிசா கையெழுத்து போட்டாரு. பிள்ளைங்க குங்குமத்தக் குழைச்சு கைநாட்டு வெச்சுதுங்க. அடுப்படியிலேர்ந்து அம்மாவையும் இழுத்துக்கிட்டு வந்து கைநாட்டு. பி.எட். படிச்ச அம்மா... கைநாட்டு வெச்சாங்க.

சட்டம் அமலுக்கு வந்துடுச்சு. முகில் டைம்பீஸோட உக்காந்துட்டான். முதல்ல அவன் பேசினான், அக்கா பென்சில் எடுக்கறான்னு. அக்கா பேசினா, தம்பி கடிக்கறான்னு. கோதண்டம் தேசபக்தியப் பத்திப் பேசினாரு. அவருக்கு ரெண்டு நிமிஷம் பத்தல!

"அம்மா, இப்ப நீங்க!"

அமுதா கரண்டிய வாங்கினாங்க. வாங்கிட்டு... நிக்கறாங்க. பேசல. யாராவது குறுக்க பேசுவாங்கன்னு காத்துக்கிட்டு நிக்கறாங்க. யாரும் பேசல. இருபது செகண்டு... நாப்பது செகண்டு... அறுபது... வருஷக்கணக்கா பாதிப் பேச்சு பேசியே பழகினவங்களுக்கு, முழுப் பேச்ச எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைங்க.

முகில் சொல்றான், "அம்மா... இன்னும் ஒரு நிமிஷம் இருக்கும்மா."

அப்பத்தான் வாய் திறந்தாங்க. "ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஸ்கூல்ல டீச்சர் வேலை கேட்டிருந்தேன். வரச் சொல்லிட்டாங்க. பத்து நாளா உங்ககிட்ட சொல்லணும்னு..."

கோதண்டம் துள்ளி எழுந்தாரு. "வேலையா? இப்ப எதுக்கு அமுதா உனக்கு..."

"அப்பா! சட்டம் மூணு! நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க!"

மனுஷன் அட்டையப் பாக்கறாரு. பச்சை இங்க்... பெரிய கையெழுத்து. திறந்த வாய மூடிக்கிட்டு உக்காந்துட்டாரு.

அமுதா சொன்னாங்க, "நாளைக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்றதா இருந்தாலும் சொல்லுங்க... ஆனா நான் என்ன கேக்கறேன்னு ஒரு தடவ முழுசா கேட்டுட்டு, அப்புறம் வேணாம்னு சொல்லுங்க."

சொல்லிட்டுக் கரண்டிய அவர்கிட்ட நீட்டிட்டாங்க.

இப்ப அவர் கையில முழுசா ரெண்டு நிமிஷம்! என்னா பேச்சு பேசலாம்! ஆனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"காலையில எத்தன மணிக்குப் போகணும்?"

கேட்டுட்டு, கரண்டியத் திருப்பி அமுதா கையிலயே கொடுத்துட்டாரு.

கதை அவ்வளவுதாங்க.

நாட்டுக்குப் பேச்சுரிமை வந்தாச்சு. சரி... நம்ம வீட்டுக்கு வந்துடுச்சா? மேடையில நின்னு கத்தற எனக்கே அந்தக் கேள்வி உறுத்துது. வீட்டுக்குப் போங்க, பிள்ளைங்களோட கொடி வெட்டுங்க, ஹால்ல அணிவகுப்பு நடத்துங்க, நல்லா விளையாடுங்க. கூடவே ஒரு தோசைக் கரண்டியையும் எடுத்து வைங்க. யார் கையில கொடுக்கணும்னு நான் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும்.

கொடுத்ததும், ஒருவேளை, அவங்க ஒண்ணும் பேசாம நிக்கலாம். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா, சரி"ன்னு எழுந்து போயிடாதீங்க. அந்த மௌனம் நாம கொடுத்தது. உக்காந்திருங்க... இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு.