திவால் ஆபீஸ் பெஞ்சில்

— இந்த வயசுலயே திவாலா தம்பி? மீசையே இப்பத்தான் எட்டிப் பாக்குது.

— ஐயோ அக்கா, நான் திவால் இல்ல. சட்டம் படிக்கறேன். லீவுக்கு இந்த ஆபீஸ்ல வேலை பாக்கறேன்.

— சம்பளம்?

— அதெல்லாம் கிடையாது. நாங்களா விரும்பி வர்றது.

— அரசாங்க ஆபீசுக்கு, விரும்பி, சும்மா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ப்பா.

— சத்தியமா அக்கா. ஃபைல் அடுக்குவேன், ரெக்கார்டரைப் போடுவேன். கடன் கட்ட முடியலன்னு மனு போட்டவங்க உள்ள வந்தா, ஆபீசர் மேடம் பக்கத்துல உக்காந்து நான்தான் கேள்வி கேப்பேன்.

— பஸ்ஸுக்குக் காசு?

— அப்பா தர்றாரு.

— மத்தியானச் சாப்பாடு?

— அம்மா கட்டிக் குடுக்கறாங்க.

— வரவு சைபர், செலவு அடுத்தவங்க தலையில. எங்க லாண்டரியும் இப்படித்தான் ஓடிச்சு, கடைசில இந்த பெஞ்சுல வந்து நின்னுச்சு. வெக்கப்படாம தள்ளி உக்காரு. நாமெல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க.

— அக்கா, நான் நிஜமாவே...

— சரி சரி, நீ வக்கீலு, நான் ஜட்ஜம்மா. வக்கீல் சாருகிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாமா?

— கேளுங்க.

— ஒருத்தி இருக்கா. கடையை மூடறதுக்கு முன்னாடி, அவ வீட்டுக்காரர் பெரிய சலவை மெஷினைக் கொண்டுபோய் அவ கொழுந்தன் வீட்டு ஷெட்டுல விட்டுட்டாரு. போர்வை போத்தி நிக்குது.

— போர்வையா? அதுக்கென்ன குளிர் காய்ச்சலா?

— வாயைப் பாரு! காய்ச்சல் மெஷினுக்கு இல்லப்பா, அவளுக்கு. ஒரு வாரமா தூக்கமில்ல.

— இங்க எழுதிக் குடுத்த சொத்து விவரத்துல அந்த மெஷின் இருக்கா?

— இல்ல.

— அப்ப நான் எழுந்துக்கறேன் அக்கா. இதை நான் கேக்கவே கூடாது.

— உக்காரு. அந்த ஒருத்தி இன்னும் முடிக்கல.

— அந்த ஒருத்திகிட்ட சொல்லுங்க. உள்ள போனதும் சத்தியம் வாங்குவாங்க. அதுக்கப்புறம் மறைச்சா, கடன் அப்படியே தலைமேல நிக்கும், கேஸும் வரும். இப்பவே உண்மையைச் சொன்னா திருத்திக்கலாம். தொழில் சாமான்னு மெஷினை அவங்ககிட்டயே விட்டாலும் விடுவாங்க.

— இதையேதான் அவளும் தொண்டை கிழியச் சொன்னா. அவரு காதுல ஏறல. ‘நீயா வாயைத் தொறந்தா நமக்குள்ள ஒண்ணும் இல்ல’ன்னுட்டாரு. இவளும் வாக்குக் குடுத்துட்டா.

— எதுக்குக் குடுத்தாங்க?

— ஊர் அழுக்கையெல்லாம் அவளோட சேர்ந்து துவைச்சவரு. கடையும் போயி, பொண்டாட்டியும் தன் பக்கம் இல்லன்னு ஆயிட்டா ஒடிஞ்சு போயிருவாரு. அவர் மேல அவ்வளவு கோவம் எனக்கு. அவ்வளவு பாவமாவும் இருக்கு.

— அவரு இப்ப எங்க அக்கா?

— வண்டி நிறுத்த எடம் தேடிட்டிருந்தாரு. படியில அவரோட இருமல்தான் கேக்குது. இரு, கண்ணைத் தொடைச்சுக்கறேன்.

— நான் யாருன்னு சொல்லியும் நம்பாம எல்லாத்தையும் என்கிட்டயே கொட்டிட்டீங்களே! இப்ப நான் மேடம்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?

— நம்பாமயா? போன வாரம் எங்க கேஸைத் தள்ளி வைக்கற வரைக்கும் உள்ள பின் வரிசையிலதான் உக்காந்திருந்தேன். எல்லாரையும் நீதான் கேட்ட.

— அப்ப இவ்வளவு நேரம் என்னைக் கிண்டலா பண்ணீங்க?

— கொஞ்சம். நல்லா கேக்கறப்பா, குறை சொல்லல. ஆனா சொந்தக்காரங்க வீட்ல சாமான் ஏதாச்சும் வச்சிருக்கீங்களாங்கற கேள்வி மட்டும் உன் வாய்ல வரவே இல்ல. எங்களுக்கு அச்சடிச்சுக் குடுத்த தாள்ல அது இருக்கு. உங்க மேடம் ஃபைலுக்குள்ள தலையைக் கவுத்த நேரமாப் பாத்துத் தாண்டிட்ட.

— ஏற்கெனவே நொந்து வந்தவங்க. முகத்தைப் பாத்துத் திருடனைக் கேக்கற மாதிரி கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு.

— என்னைக் கேளு தம்பி, அவரு பக்கத்துல உக்காந்திருக்கறப்ப, சத்தமா. நானா சொல்ல மாட்டேன்னுதான் வாக்குக் குடுத்தேன். கேட்டா பொய் சொல்லுவேன்னு குடுக்கல.