மச்சினனின் மஜ்ஜை

இந்த நாற்காலி லேசாக ஆடுகிறது. பரவாயில்லை, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது.

இடுப்பு உடைந்தவர்களின் தொடையெலும்புக்குள் வைக்கும் தண்டுக்கு நான் ஒரு புது உலோகக் கலவை செய்தேன். மனிதர் உடம்பில் வைப்பதற்கு முன் அது நஞ்சா இல்லையா என்று பார்த்தாக வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு எலியை அறுப்பதில்லை. மனமுவந்து தருகிறவர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் உலோகத் துண்டின்மேல் வளரவிடுவோம். பிழைத்து எலும்பாக மாறினால் உலோகம் தேறியது.

யாருடைய செல்களை வைத்தாலும் சுருண்டு செத்தன. என் மனைவியின் தம்பியுடையவை மட்டும் மளமளவென்று பரவின.

தங்கமான மனிதன், லாரி ஓட்டுகிறவன். அக்கா புருஷன் கேட்டால் மறுபேச்சு கிடையாது. இடுப்பில் தடித்த ஊசி இறங்கும்போதும் சிரிப்பான். "அக்காவைக் குடுத்தது பத்தாதுன்னு இப்ப எலும்பையும் கேக்குறீங்களே மாமா" என்பான்.

மற்றவர்களின் செல்கள் செத்ததை நான் வெளியே சொல்லவில்லை. அவை சோப்ளாங்கிகள். அதற்கு உலோகம் என்ன செய்யும்?

ஒரு மதியம் அவன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். நுண்ணோக்கியில் தன் செல்களைப் பார்த்துப் பூரித்துப்போனான். பிறகு பக்கத்துத் தட்டுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"மத்தவங்களோடது எல்லாம் செத்துக் கெடக்கே மாமா. என்னோடத மட்டும் காட்டியா பாஸ் பண்ணப் போறீங்க?"

பொறுமையாக விளக்கினேன். அவன் காதில் ஏறவில்லை.

"எங்கம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சா இதையே வைப்பீங்களா?"

வைப்பேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இனிமேல் மஜ்ஜை தரமாட்டேன் என்றும், ஆய்வக இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகவும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

எலும்புக்குள் தண்டை இறக்கும் சுத்தியல் மேசைமேல் இருந்தது. முதல் அடி காதுக்குமேல் விழுந்தது. அவன் விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து "அக்கா" என்றான். அங்கே இல்லாதவளை ஏன் கூப்பிட்டான் என்று இன்னும் விளங்கவில்லை. அடுத்தது தாடையில். பற்கள் சன்னல் கண்ணாடியில் தெறித்தன. தரையில் சாய்ந்த பிறகும், மண்டை ஓடு கைக்கு இளகித் தெரியும்வரை அடித்தேன். தட்டுகள்மேல் ரத்தம் பட்டுவிடுமோ என்பதுதான் அப்போது என் கவலை.

இதயம் நின்றாலும் மஜ்ஜை கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும். இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் துளைபோட்டு எடுத்தேன். அவன் மூச்சோடு இருந்தபோது ஒருநாளும் அவ்வளவு எடுக்க முடிந்ததில்லை. மிச்ச உடம்பை உறைபெட்டியில் வைத்தேன். இரண்டு வருடம் அவனைக் காணவில்லை என்று வீடே தேடியது; அங்கேதான் நீங்கள் கண்டெடுத்தீர்கள்.

உலோகம் தேறியது. அதை வைத்துக்கொண்டவர்களுக்கு எலும்பு அழுகுகிறது, வலியில் கத்துகிறார்கள் என்கிறீர்கள். அது அவரவர் எலும்பின் குறை.

வெளியே என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுவது இங்கே வரை கேட்கிறது. பாவம், அவளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. அடித்தவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். உடற்சூட்டில் வைத்த பெட்டிக்குள் அவள் தம்பி தட்டுத் தட்டாக வளர்ந்துகொண்டிருக்கிறான். இன்று காலையிலும் அவனுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத்தான் வந்தேன்.