மூட்டம் பிரித்த அத்தியாயம்

உங்கள் போலீஸ் நாவலை இரண்டு தடவை படித்துவிட்டேன் சார். நல்லதையும் குறையையும் மறைக்காமல் சொல் என்றுதானே கொடுத்தீர்கள்.

விசாரணை அச்சு அசல். போலீஸ் வேலையில் பாதி காத்துக் கிடப்பதுதான் என்பதை, ரிட்டயர் ஆன இன்ஸ்பெக்டர் நீங்கள் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றினாலும், காணாமல் போனது என் தம்பி பாண்டித்துரை என்று உப்பூரில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். மோப்ப நாய் என் கரிமூட்டத்தைச் சுற்றிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்ட பக்கத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். எட்டு வருஷமாக அந்த நாயை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

குறை அடுத்த அத்தியாயத்தில். கதையில் வரும் இன்ஸ்பெக்டர் மூட்டத்தைப் பிரித்துத் தேடுகிறார், வெறும் கட்டைதான் கிடைக்கிறது. நீங்கள் பிரிக்கவில்லையே சார். கருவேலங்கட்டையை அடுக்கி மண் பூசித் தீ வைத்தால் ஒரு வாரம் உள்ளுக்குள் வேக வேண்டும், நடுவில் திறந்தால் காற்றுப் புகுந்து அத்தனையும் சாம்பல் என்று நான் சொன்னேன்.

"சரிலே முத்துராமலிங்கம், ஒம் பொழப்புல மண்ணப் போட வேணாம்" என்று ஜீப்பில் ஏறிவிட்டீர்கள். பயத்தில் என் வேட்டி நனைந்திருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. பிரித்ததாக எழுதினால் உங்களுக்கு ஒரு ஆறுதல், புரிகிறது.

கடைசி அத்தியாயம் இன்னும் மோசம். பழியைத் தம்பி பெண்டாட்டி மேல் போட்டுவிட்டீர்கள். புத்தகம் வந்தால் ஊர் ஈஸ்வரியைக் கிழித்துப் போட்டுவிடும். அதற்காகத்தான் வந்தேன்.

ஒரு நாள் அவள் கையில் காயம் பார்த்தேன். கருவேல முள் கிழித்தது என்றாள். அவன்தான் அடித்திருப்பான் என்று எனக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் காட்டில் கோடாரிக் காம்பால் அவன் பின்மண்டையில் ஒரே அடி. அடுக்கின் நடுவில் படுக்கவைத்து, மேலே கட்டையைப் போட்டு மூடினேன். தீ பிடித்த பிறகு உள்ளேயிருந்து "அண்ணே" என்றான். செத்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன் சார். குரல் வந்த ஓட்டையை மண் அப்பி அடைத்தேன். இன்றைக்கும் மூட்டம் போட்டால் காதில் துணியைத் திணித்துக்கொள்கிறேன்.

அவள் நிம்மதிக்காகத்தான் செய்தேன் என்று ஈஸ்வரியிடம் நீங்களே சொல்லுங்கள். மூன்று தடவை கல்யாணப் பேச்சு எடுத்துப் போனேன். என் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது.