நடக்காத குத்துச்சண்டையில் விட்டுக்கொடுத்தவருக்கு

மருத்துவமனைச் சலவைப் பிரிவின் கொதிகலனைக் கண்ணெனக் காத்த கடமை வீரரே! வார்டு வார்டாய் வந்து குவியும் விரிப்புகள் வெண்மை குன்றாமல் வெளியேற, முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் நீராவி தந்த நெஞ்சுரத்தாரே! வாதம் என்று வந்துவிட்டால் வளையவே வளையாத வல்லவரே! எங்கள் பாய்லர் அண்ணனே, வணக்கம்!

“ஓய்வு விழா மேடையில் குத்துச்சண்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, அப்படியென்றால் வருகிறேன்” என்று தாங்கள் நிபந்தனை போட்டீர்கள். நாங்களும் தலையாட்டினோம். தலையாட்டிய கையோடு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறோம். கோபம் வந்தால் நல்லது. தங்களுக்குக் கோபம் வந்து நாங்கள் பார்த்து ஒரு வருடம் ஆகிறது.

கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுத்த நம் தையல்காரர் அண்ணனும் தாங்களும் இருபத்தாறு ஆண்டுகள், தினம் பத்தரை மணித் தேநீருக்கு, ஒரே சண்டையைப் போட்டீர்கள். அவருடைய ஆள் ‘கருங்கல்’. தொலைக்காட்சி வருவதற்கு முந்தைய காலத்துக் குத்துச்சண்டைச் சாம்பியன். ஒரு பழைய செய்தித்தாள் படத்துக்கு மேல் தையல்காரர் அவரைக் கண்டதில்லை. தங்கள் ஆள் ‘மின்னல்’. நாற்பது வருடம் கழித்து வந்தவர். தாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துப் பரவசப்பட்டவர். இருவரும் ஒரே மேடையில் மோதினால் யார் ஜெயிப்பார்? இதுதான் வழக்கு.

“அந்தக் காலத்து மெல்லிசுக் கையுறையைப் போட்டு ஒரு குத்து விடச் சொல்லு. உன் மின்னலோட விரல் நாலும் ஒடிஞ்சுடும்” என்பார் அவர்.

“மொதல்ல உன் கல்லு என் ஆளைத் தொடட்டும்யா. ஒடியறதை அப்புறம் பாக்கலாம்” என்பீர்கள் தாங்கள்.

டம்ளர் காலியானால் சண்டை நிற்கும். மறுநாள், “நேத்து ஏழாவது ரவுண்டுல நின்னோம்” என்று விட்ட இடத்தில் தொடங்கும். “ஒருத்தர் செத்து அம்பது வருஷமாச்சு, இன்னொருத்தருக்கு எழுந்து நடக்கவே முடியல. இவங்களுக்கு நடுவுல நீங்க ஏன்யா அடிச்சுக்கறீங்க?” என்று மேற்பார்வையாளர் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். இருவருக்குள் ஒரே ஒரு சட்டம்தான்: என்ன ஆனாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தையல்காரரின் மகள் கல்யாணத்தன்று, மாலை போட்ட மாப்பிள்ளையை நடுவில் நிற்க வைத்து ஒன்பதாவது ரவுண்டை நடத்தியவர்கள் நீங்கள் இருவரும்.

இனி ‘தாங்கள்’ என்றெல்லாம் எழுத வரவில்லை, அண்ணே.

தையல்காரருக்கு வந்த நோய் இன்னதென்று அவருக்கு மட்டும் சொல்லவில்லை. வெறும் வயிற்றுப்புண் என்று வீட்டார் சொல்லி வைத்தார்கள். நமக்கெல்லாம் தெரியும். நாம் எல்லோருமே வாயை மூடிக்கொண்டோம். நீங்கள் ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சண்டை போட்டீர்கள். மூன்று ஞாயிறு வழக்கம்போலப் போனது. நாலாவது ஞாயிறு, ஊசியில் நூல் கோர்த்த அந்த விரல்கள் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாமல் நடுங்கியதைப் பார்த்தீர்கள். மனசு தாங்கவில்லை. அவர் சந்தோஷப்படட்டும் என்றுதான் சொன்னீர்கள்.

“யோசிச்சுப் பாத்தேன்யா. உன் ஆளுதான் ஜெயிப்பாரு.”

அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு மெதுவாகக் கேட்டாராம்:

“டாக்டர் என்ன சொன்னாரு?”

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த ஞாயிறு நீங்கள் போனபோது, “தூங்குறாருண்ணே” என்று அவர் மனைவி வாசலிலேயே சொன்னார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. நீங்கள் விட்டுக்கொடுத்த பதினோராம் நாள் அவர் போய்விட்டார். உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார்.

அதை நீங்கள் கொதிகலன் அறையில் நின்று எங்களிடம் ஒரே ஒரு முறை சொன்னீர்கள். “நான்தான்யா அவனைக் கொன்னுட்டேன்” என்றீர்கள். உங்கள்மேல் தப்பில்லை என்று நாங்கள் அப்போதே மல்லுக்கட்டியிருக்க வேண்டும். மறுத்துப் பேசத் தெரிந்த ஒரே ஆளைத்தான் அன்று காலை புதைத்துவிட்டு வந்திருந்தோம்.

அன்றிலிருந்து நீங்கள் எதற்கும் எதிர்வார்த்தை பேசுவதில்லை. நீராவி போதவில்லை என்று வீண்பழி போட்டால், சரி. விடுப்பைத் தள்ளி வைத்தால், சரி. எங்களில் ஒருவர் நாலைந்து நாள் படித்துத் தயாராகி வந்து, “கருங்கல் முன்னால் மின்னல் மூணு ரவுண்டு தாங்க மாட்டார்” என்று வம்புக்கு இழுத்தார். “ஆமாய்யா, தாங்க மாட்டாரு” என்றீர்கள். அவர் துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதார். நாங்கள் யாரும் தையல்காரர் அண்ணனுக்குப் பதிலாக முடியாது. அது எங்களுக்குத் தெரியும்.

ஓய்வுபெறும் பெருமகனாரே! ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை நீங்கள். அழுத்தமானியை ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை. இதையெல்லாம் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிறோம். நாளை காலை பத்தரைக்கு உங்கள் வீட்டில் எதிரே யார் உட்காருவார்கள் என்று எங்களால் எழுத முடியவில்லை.

நிறைந்த நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள் என்று வாழ்த்தித்தான் இம்மடலை முடிக்க வேண்டும். வாழ்த்துகிறோம். அண்ணே, கெஞ்சிக் கேட்கிறோம், இதற்கும் ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்களோடு மல்லுக்கட்டத் தெரியாமல் போன,
சலவைப் பிரிவுப் பணியாளர்கள்