போர்டு வாசிக்கிறவ

அப்படி இழுத்தா வேன் கதவு தொறக்காதுண்ணே. கொஞ்சம் தூக்கிட்டு இழுங்க. ம், அவ்வளவுதான். வேற யாரும்னா இதெல்லாம் மறைப்பாங்க, நான் சொல்லிருவேன். வைப்பர் ஒரு பக்கந்தான் ஓடும். பின் சீட்டுல மழை ஒழுகும். ஏத்தத்துல ரெண்டாவது கியர் மொரண்டு புடிக்கும். ஆனா இஞ்சின் நல்லது. இலங்கைய முக்காவாசி சுத்துன இஞ்சின்.

வேற யாரு, அப்பாதான் ஓட்டுனாரு. கந்தப்பன் வேன்னு தலவாக்கலையில கேட்டுப் பாருங்க. கல்யாணம், கோயிலு, ஏர்போர்ட்டு, வாடகைக்கு எல்லா ஹயரும் போவாரு. நானும் போவேன். ஆறு வயசுல இருந்து இந்த இடது பக்க சீட்டு எனக்குத்தான். இது கிழிஞ்சது என் செருப்பாலதான், அதையும் சொல்லிர்றேன்.

ஸ்கூலா? ஓ.எல். பரீட்சையில கணக்கு ஃபெயிலு. திரும்ப எழுதுன்னாங்க, எழுதல. ஏன்னு கேக்காதீங்க, எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க.

இல்லண்ணே, நான் சும்மா ஊர் சுத்தல. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. சிங்களம் பொளந்து கட்டுவாரு, ஆனா ஒரு எழுத்து வாசிக்க மாட்டாரு. தமிழுந்தான். வர்ற ஆளுங்களுக்கு அது தெரியக் கூடாதில்ல? அதனால ஜங்ஷன் வந்தா, பிரேமி, போர்டுன்னுவாரு. நான் கத்தி வாசிப்பேன். சின்னப் புள்ள வெளையாடுதுன்னு பின்னால கைதட்டுவாங்க. ஒரு நா மத்தியானம் வெல்லவாய ஜங்ஷன்ல நான் தூங்கிட்டேன். கதிர்காமம் போக வேண்டியவங்க மொனராகலையில போயி நின்னாங்க. டயருக்குக் காத்தடிக்கணும், இங்கதான் நல்ல கடைன்னு அப்பா அடிச்சு விட்டாரு பாருங்க! என்னைய ஒரு வார்த்த சொல்லல.

ஆளுங்கள எறக்கிட்டு வெறும் வேனாத் திரும்புறப்பதான் எங்க ட்ரிப்பே ஆரம்பிக்கும். வந்த ரோட்டுல திரும்பவே மாட்டாரு. தெரியாத ரோடா பாத்து உள்ள விடுவாரு. இது எங்க போகுதுப்பான்னா, நீதான வாசிக்கிறவ, நீ சொல்லுன்னுவாரு. மன்னார்ல கழுதைங்க ரோட்ட மறிச்சு நின்னுச்சு, ஹாரனுக்குக்கூட நகரல. பொல்பிட்டிய பக்கம் ஒரு ரோடு கரண்டு ஸ்டேசன் கேட்டோட முடிஞ்சிருச்சு. காவக்காரன் திட்டுவான்னு பாத்தா பிளேன்டீ ஊத்திக் குடுத்தான்.

இப்பவா? ஒரு வருசமா இங்கயேதான் நிக்குது. ஞாயித்துக்கிழம நான் மட்டும் வந்து உள்ள உக்காருவேன். எதிர்ல தோட்டத்து லயத்து வீட்டுச் செவுத்துல பெயிண்ட் விளம்பரம் ஒண்ணு இருக்கு பாருங்க. அதையே எத்தன தடவ வாசிக்கிறது? என்கூட படிச்சதுங்க எல்லாம் கொழும்புல கடை வேலைக்குப் போயிருச்சுங்க.

நான் ஓட்டலாந்தான். ஆனா எனக்குப் பதினேழுதான் ஆகுது. லைசன்ஸ் எடுக்கிறதுக்குள்ள துருதான் மிஞ்சும். அம்மா குவைத்துல இருக்காங்க, வேன் அவங்க பேருல. வித்துருன்னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க.

ஓட்டிப் பாக்கணுமா? பாருங்க. அட்டன் வரைக்கும் போயிட்டு வருவோம். அப்பாவும் வருவாரு.

ஆனா ஒண்ணு. வேன் வாங்க வந்தேன்னு அவருகிட்ட சொல்லிராதீங்க. ஹயர் ஓட்ட வந்த புது டிரைவருன்னு சொல்லுங்க. நீங்கதான் சொல்லணும். எனக்குப் பொய் வராது, என் கொரல்லயே கண்டுபுடிச்சிருவாரு.

அப்புறம், வேனக் கொண்டு போன பொறகு ஏதாச்சும் புது ஊருக்குப் போனீங்கன்னா, அந்த ஊர் போர்ட மட்டும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம். நான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டிருவேன். போர்டுல இருக்கிறத வாசிச்சா அது பொய்யில்லல்ல?

அந்தா வர்றாரு. பழக்கத்துல வலது பக்கக் கதவத்தான் தடவித் தேடுவாரு. கையப் புடிச்சிராதீங்கண்ணே, கோவம் வரும். சீனி வியாதியில கண்ணு போயி ஒரு வருசமாச்சு, இன்னும் பழகல. நான் சுத்திக் கூட்டியாந்து என் சீட்டுல உக்கார வைக்கிறேன்.

நானா? நான் பின்னால ஏறிக்கிறேன். ஒழுகுனா ஒழுகட்டும். அங்க இருந்தும் போர்டு தெரியும்.