மலைப் பக்கத்து ஓரம்

திருவண்ணாமலை தாலுக்காவில் பேயை ஒழித்தவன் நான்தான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். பெரிய பெரிய ஆட்கள் மேடை போட்டுப் பேசியும் போகாத பேய், 1979 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் லாரி டிரைவரைக் கேட்டார்கள், டிரைவர் கிளீனரைப் பார்த்தான், அத்தோடு சரி. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பேர் சகாதேவன். அப்போது பி.ஏ. மூன்றாம் வருஷம். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் சகாதேவன்தான் ஜோசியம் தெரிந்தவன். எல்லாம் தெரியும், கேட்டால் மட்டும்தான் சொல்வான். அப்பா இதையெல்லாம் யோசித்துப் பேர் வைத்திருக்க மாட்டார். நான் ஜோசியத்தையும் பேயையும் காதலையும் நம்பாதவன். இந்த மூன்றுக்கும் எதிராகக் கல்லூரியில் ‘கொசு’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினேன். மாதம் ஒரே பிரதி, நூற்றைம்பது வாசகர்கள். கிழியாமல் திரும்பி வந்தால் அந்த மாதம் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

அதில் ரொம்பப் பேர் வாங்கியது மலை சுற்றுவதைப் பற்றிய கட்டுரை. மலை சுற்றுகிறவர்கள் ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். வலது ஓரம், அதாவது மலையை ஒட்டிய பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி வரும் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் உரியது. ‘இல்லாதவர்களுக்குப் பாதி ரோடு, இருக்கிறவர்களுக்குச் சாக்கடை ஓரம்’ என்று எழுதியிருந்தேன். தமிழ்ப் பேராசிரியரே சிரித்துவிட்டு, பிறகு வருத்தப்பட்டார்.

உண்ணாமலையை எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தெரியும். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு இடது பக்கத்து மெஷின் என்னுடையது. மூன்று நாள் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். என்ன விஷயம் என்பது இங்கே முக்கியமில்லை. பத்து மெஷின் சத்தத்துக்கு நடுவில் மெதுவாகத்தான் சொன்னேன். மூன்று நாளும் அவள் திரும்பவில்லை. நாலாவது நாள் அவளே திரும்பினாள்.

“ஏதாச்சும் சொல்றதா இருந்தா இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. எனக்கு இடது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தப்போ போய்டுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வீட்ல மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காங்க.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வலது பக்கம் போய் அந்த விஷயத்தையும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற பெண்ணிடம் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வந்த மாப்பிள்ளை என் பெரியப்பா மகன் வேணு. அடி அண்ணாமலையில் சைக்கிள் கடை. நல்லவன். பஞ்சரான டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்தால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவான். தை மாதம் கல்யாணம். பந்தியில் நான்தான் ரசம் ஊற்றினேன். அவளுக்கு வலது பக்கமாக நின்று, “அண்ணி, ரசம்” என்றேன். “கம்மியா ஊத்துங்க தம்பி” என்றாள். நன்றாகக் கேட்டது.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக யாராவது நினைத்தால் அது தவறு. பத்து நாள் கல்லூரிக்குப் போகாதது காய்ச்சலால்.

ஆனியில் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு ஒரு பேய்ப் படம் வந்தது. நாலு ஜோடிகள் ஒரு மலை பங்களாவுக்குப் போகிறார்கள். அடிவாரத்தில் குறி சொல்கிறவள் ஒருத்தி, “எட்டுப் பேர் போறீங்க, ஏழு பேருக்குத்தான் உசிரு இருக்குது” என்கிறாள். எட்டில் ஒன்று ஏற்கெனவே பேய். எது என்று தெரியாமல் நாலு ஜோடிகளும் ஆறு பாட்டு பாடுவார்கள். கடைசியில் அது மூன்றாவது ஜோடியின் மனைவி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு தடவை திரும்ப மாட்டாள், மூன்றாவது தடவைதான் திரும்புவாள். அது உடம்பின் பேராம், உள்ளே இருப்பதற்கு வேறு பேராம். இதைத் தியேட்டரில் அறுநூறு பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வரும்போது பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

தியேட்டர் மேனேஜர் ராஜமாணிக்கம் இதைப் பிடித்துக்கொண்டார். இடைவேளையில் வாசலில் கிளி ஜோசியம், ஜோடியாக வருகிறவர்களுக்கு இலவசம். சீட்டில் சாமி படத்துக்குப் பதிலாகப் படத்தைப் பற்றி ஒரு வரி.

“நீதான் நக்கலா எழுதுவியே, இருபத்தேழு சீட்டு எழுதிக் குடு. ஆனா தியேட்டரைக் கொளுத்துற மாதிரி எழுதிடாதே.”

எழுதினேன். இருபத்தாறு சீட்டுகள் சிரிப்புக்கு. ‘உன் துணைவி உன்னை நம்புகிறாள், டாக்டரிடம் காட்டு.’ ‘உனக்குப் பேய் பிடிக்காது, அதற்கும் ஒரு ரசனை உண்டு.’ இந்த மாதிரி. இருபத்தேழாவதில் இப்படி எழுதினேன்: ‘வீட்டுக்குப் போய் அவள் அறியாமல் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார். உன்னோடு இருப்பது யார் என்று தெரியும்.’

கிளி ஜோசியர் ஆதிமூலத்தின் தொழில் முறையை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கிளி சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டே போகும். ஆதிமூலம் விரலிடுக்கில் ஒரு நெல்லைக் காட்டுகிறபோது எந்தச் சீட்டு அலகில் இருக்கிறதோ, அதுதான் விதி. இதை ‘கொசு’வில் எழுதப்போகிறேன் என்றேன். அவர் மிரண்டுவிட்டார். எழுதாமல் இருப்பதற்கு ஒரே ஒரு உதவி கேட்டேன்.

“எங்க அண்ணன் அண்ணியோட வருவாரு. மூலையில மை வெச்ச சீட்டு வரும்போது நெல்லைக் காட்டுங்க.”

“இன்னா எழுதியிருக்குது தம்பி அதுல?”

“தமாசு.”

“தமாசுன்னா உனக்குச் சிரிப்பு வரணுமே” என்றார் ஆதிமூலம். ஆனாலும் வேணுவும் உண்ணாமலையும் வந்த அன்று நெல்லைக் காட்டி, சீட்டை வேணு கையில் கொடுத்தார்.

அது ஓர் ஆய்வு. அதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூடநம்பிக்கை ஒரு நல்ல குடும்பத்தில் எப்படி நுழைகிறது என்று முதலிலிருந்து கடைசி வரை கூடவே இருந்து பார்த்து எழுதியவர்கள் யாரும் இல்லை. ஆய்வுக்கு ஒரு குடும்பம் வேண்டும். எனக்குத் தெரிந்த குடும்பம் அதுதான்.

மறுநாள் மத்தியானம் வேணு கடையை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

“டேய் சகா, சிரிக்காதே. அடுப்பாண்ட உக்காந்திருந்தா. பின்னாடி போய் நின்னு கூப்பிட்டேன். திரும்பல. மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பல. கிட்ட போய்க் கூப்பிட்டேன், தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினா.”

“எத்தனை தடவை கூப்பிட்டே?”

“மூணு.”

“படத்துல எத்தனை?”

“மூணு.” கொஞ்ச நேரம் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். “நீ படிச்சவன், இதெல்லாம் நம்பாதவன். நீ சொல்லு, நான் கேக்கறேன்.”

ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் உண்ணாமலைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். “பார்க்கலாம்” என்றேன்.

வேணு பார்த்தான். அவன் அம்மா பச்சையம்மாளும் பார்த்தாள். துணி காயும் கொடிப்பக்கம் நின்று கூப்பிட்டார்கள், மாட்டுக்கொட்டகையில் நின்று கூப்பிட்டார்கள். சில நேரம் முதல் தடவையே திரும்பினாள், சில நேரம் மூன்றாவதில். அதுவே பெரியம்மாவுக்கு ஜாஸ்தி பயமாகிவிட்டது. பேய் கெட்டிக்காரத்தனமாக மாற்றி மாற்றித் திரும்புகிறது என்றாள். எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆடிக்கு இரண்டு நாள் முன்பு உண்ணாமலை கிணற்றடியில் என்னைப் பிடித்தாள். என்னைத் தன் வலது பக்கம் நிறுத்திக்கொண்டுதான் பேசினாள்.

“தம்பி, அந்தச் சத்தியம் போதும். நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. நானா சொன்னா மறைச்சுக் கட்டிக்கிட்டேன்னு ஆகும். உங்க வாயால வந்தா, உங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி சொன்னா, நம்புவாங்க. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்ப அழைச்சுக்க மாட்டேன்னு அத்தை சொல்றாங்க.”

“சொல்றேன் அண்ணி.”

“செவிடின்னு திட்டினாக்கூடப் பரவால்ல. நான் நான்தான்னு தெரிஞ்சா போதும்.”

ஆடி மாதம் முப்பத்திரண்டு நாள். ஒவ்வொரு நாளும் சைக்கிள் கடையைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். வேணு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குமிழி வந்தாலும் பார்க்க மாட்டான். நான் சொல்லவில்லை. ஆய்வை நடுவில் நிறுத்தினால் இதுவரை எழுதியதும் வீண். அந்த மாதம் ‘கொசு’வில் ‘பேய் வளர்ப்பது எப்படி’ என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. பேர்களை மாற்றியிருந்தேன்.

ஆவணி பிறந்ததும் பெரியம்மா ஒரு பூசாரியிடம் போய்க் கேட்டு வந்தாள். பூசாரி உடுக்கை அடிக்கிறவரோ வேப்பிலை அடிக்கிறவரோ இல்லை, நிதானமானவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் மலை சுற்ற வேண்டும். மலைப் பக்கத்து ஓரமாக, பேசாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல். பேயாக இருந்தால் அந்த ஓரத்தில் போகிறவர்களோடு போய்விடும், பெண்ணாக இருந்தால் வீட்டுக்கு வந்து விளக்கேற்றும். புருஷன் கூட வரக் கூடாது. அதற்காக உண்ணாமலையை அம்மா வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

“நீ போடா சகா” என்றான் வேணு. “தள்ளியே நட. பாத்துக்கோ.”

வெயில் இதமாக இருந்தது. செஞ்சிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு கூட்டம் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு பாடிக்கொண்டே நடந்தது. அதில் நானும் இருந்தேன். எதிர் ஓரத்தில் உண்ணாமலை மட்டும். மஞ்சள் புடவை. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இன்றோடு இது முடிந்துவிடும், வீட்டுக்குப் போய் விளக்கேற்றிவிடுவேன் என்கிற சிரிப்பு. நான் வேணுவிடம் சொல்லிவிட்டதாகவும், இது பெரியம்மாவின் மனசுக்காக என்றும் அவள் நினைத்திருந்தாள். காலையில் கேட்டாள். ஆமாம் என்றிருந்தேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி பின்னாலிருந்து வந்தது. இடது ஓரம் முழுக்கக் கூட்டம் என்பதால் டிரைவர் வலது பக்கம் ஒதுங்கி வந்தான். அந்த ஓரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள் என்று இந்த ரோட்டில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

ஒரு காது மட்டும் கேட்கிறவர்களுக்குச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. இதை அவளே எனக்கு இன்ஸ்டிட்யூட் வாசலில் சொல்லியிருக்கிறாள். ரோடு தாண்டும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். ஹாரன் அடித்தபோது கேட்கிற காது மலைப் பக்கம் இருந்தது. சத்தம் மலைப் பக்கமிருந்து வருகிறது என்று நினைத்து இந்தப் பக்கம் விலகினாள்.

இருபதடி இருக்கும். ஓடியிருக்கலாம். நான் கூப்பிட்டேன். அண்ணி என்று இல்லை, பேர் சொல்லி, “உண்ணாமலை” என்று. மெதுவாக, ஒரே ஒரு தடவை. அவளுடைய இடது பக்கமிருந்து. திரும்புகிறாளா என்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவிடம், “பேய் லாரியில அடிபடாது” என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் உண்ணாமலையைப் பேய் என்று சொல்லவில்லை. ஒழித்தேன் என்று நான் சொன்னது இதைத்தான். வேணு என் தோளில் சாய்ந்து, “நல்லவேளை, நீயாவது பக்கத்துல இருந்தேடா” என்றான். காது விஷயம் அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் சொல்வேன்.

மூன்று வருஷம் ஆகிறது. அடி அண்ணாமலையில் மறுபடியும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். மஞ்சள் புடவையோடு ஒருத்தி மலைப் பக்கத்து ஓரத்தில் நடக்கிறாளாம். அதற்கு நான் பொறுப்பில்லை. பத்திரிகையை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையைச் சுற்றி நடக்கிறேன், உடம்புக்கு நல்லது என்பதால். இடது ஓரமாகத்தான் நடக்கிறேன். வலது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடக்கிறேன். யாராவது குறுக்கே வந்தால், “கொஞ்சம் இந்தாண்ட வாங்க” என்று சொல்லி விலக்குகிறேன்.

அங்கே ஒருத்தி நடந்தால் அவளுடைய இடது காதுதான் என் பக்கம் இருக்கும். புளியமரம் தாண்டியதும், இன்ஸ்டிட்யூட்டில் மூன்று நாள் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். மெதுவாகத்தான். வலது பக்கம் போய் இன்னும் சொன்னதில்லை.