பதினான்கிலிருந்து கழிக்காத இரண்டு

மேல்தாளில் எழுதிக்கொண்ட பெயரும் விலாசமும் என்னுடையவைதான். எனக்கு வயது முப்பத்தெட்டு. கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவிக் குளிர்பானம் நிரப்பி அனுப்பும் தொழிற்சாலையில் சோதனைக்கூடத்து வேதியியலாளராக வேலை செய்கிறேன். இந்த வழக்கில் கண்ணில் காயம்பட்டு மருத்துவமனையில் இருப்பவள் என் உடன்பிறந்த தங்கை. அதே தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் இயந்திரத்தை ஓட்டுபவள். தாங்கள் காவலில் வைத்திருப்பவர் எங்கள் ஷிப்ட் இன்ஜினியர். சட்டை கசங்காமல் வருவதால் ஆட்கள் அவரை மாப்பிள்ளை என்று சொல்வார்கள். வேறு தொழிற்சாலையிலிருந்து சமீபத்தில்தான் எங்களிடம் வந்தார். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன்.

எங்கள் இயந்திரத்தில் பாட்டில்கள் வரிசையாகச் சூடான காஸ்டிக் சோடாத் தொட்டிகளில் முங்கி எழும். கடைசித் தொட்டியில் மட்டும் காஸ்டிக் குறைவாக இருக்கும். சம்பவத்துக்கு முந்தைய தினம் அந்தத் தொட்டியில் படிந்திருந்த உப்பைக் கரைக்க அமிலம் விட்டோம். அதன் பிறகு அமிலத்தைத் திறந்துவிட்டு, தண்ணீரில் அலசி, மறுபடி காஸ்டிக் கலந்து சூடேற்றினார்கள். மறுநாள் காலையில் அந்தத் தொட்டியின் பி.எச். தெரியாமல் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்று இன்ஜினியர் சொன்னார். அவர் சொன்னது சரி. அதில் ஒரு குற்றமும் இல்லை.

நான் தொட்டியில் மாதிரி எடுத்து ஆறவைத்து, அளவு தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதித்தேன். லிட்டருக்கு 0.4 கிராம் காஸ்டிக் இருந்தது. அய்யா கேட்டதால் கணக்கைச் சொல்கிறேன். சுத்தமான தண்ணீரின் பி.எச். ஏழு. அமிலம் சேர்ந்தால் ஏழுக்குக் கீழே இறங்கும், காஸ்டிக் சேர்ந்தால் ஏழுக்கு மேலே ஏறும். காஸ்டிக் நாற்பது கிராம் என்பது ஒரு மோல். அப்படியானால் 0.4 கிராம் என்பது ஒரு மோலில் நூறில் ஒரு பங்கு. நூறுக்கு இரண்டு பூஜ்யம், ஆகவே முதலில் கிடைக்கும் எண் இரண்டு. ஆனால் அது பி.எச். இல்லை. அதைப் பதினான்கிலிருந்து கழிக்க வேண்டும். கழித்தால் பன்னிரண்டு. அதுதான் பி.எச்.

இந்தக் கடைசிக் கழித்தலை எங்கள் கூடத்தில் யாரும் செய்வதில்லை. அங்கே ஓடுவதெல்லாம் காஸ்டிக்தான், பிறகு எதற்குக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ ஆரம்பித்த பழக்கம். 'ஒண்ணு' என்றால் காஸ்டிக் அதிகம், 'ரெண்டு' என்றால் கடைசித் தொட்டிக்குச் சரியான அளவு. என் தங்கைக்கும் இயந்திரத்தில் நிற்கும் எல்லோருக்கும் இது தண்ணீர் பட்ட பாடு. புதிதாக வந்தவருக்கு இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அதன் பிறகு நான் சோதனைக்கூட வாசலில் நின்றேன். இன்ஜினியர் தொட்டியின் மேல் உள்ள இரும்புப் படியில் நின்றுகொண்டு, "கடைசித் தொட்டி பி.எச். எவ்வளவு மேடம்?" என்று கேட்டார். நான், "ரெண்டு!" என்று கத்திச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பி.எச். எவ்வளவு என்று கேட்டவருக்கு இரண்டு என்று பதில் சொன்னால், தொட்டி முழுக்க அமிலம் மிச்சமிருக்கிறது என்றுதான் படித்த எவரும் எடுத்துக்கொள்வார்கள். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். அமிலத்தை முறிப்பதற்காகக் காஸ்டிக் செதில் மூட்டையை வரவழைத்து வாயை அறுத்தார். சூடான தொட்டியில் செதிலை மொத்தமாகக் கொட்டக் கூடாது, கொட்டினால் பொங்கி அடிக்கும். பதற்றத்தில் அதை அவர் மறந்தது அவருடைய தவறு. அந்தத் தவறை நான் என் தலையில் போட்டுக்கொள்ள வரவில்லை.

என் தங்கை அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். மூட்டையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகமூடிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கத்தினால் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, "அது காஸ்டிக்குங்க, போடாதீங்க!" என்று கத்தினாள். அது எனக்கு உள்ளே வரை கேட்டது. அதற்குள் மூட்டை கவிழ்ந்துவிட்டது. தொட்டி பொங்கி அவள் முகத்தில் அடித்தது. நான் ஓடிப்போனபோது இன்ஜினியர் அவளை அவசரக் குழாயடியில் உட்காரவைத்து, இமைகளை விரலால் விரித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கை முழுக்கக் காஸ்டிக், கையில் தோல் உரிந்திருந்தது. நான் விலகச் சொல்லியும் அவர் விலகவில்லை. வேண்டுமென்று கொட்டியவர் அப்படி நிற்க மாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதன் பிறகு பேச்சு கிளம்பியது. அந்த வாரத்தில் என் தங்கை முகமூடி போடவில்லை என்று இன்ஜினியர் கண்டித்ததும், அவள், "சட்டை கசங்காம நிக்கிற மாப்பிள்ளைக்கு இந்த வேக்காடு எங்க தெரியப்போகுது" என்று சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் உண்மை. அந்த ஆத்திரத்தில்தான் கொட்டினார் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டுன்னு எல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்கம்மா. பன்னெண்டுன்னு சொன்னேன்னு சொல்லுங்க. அந்தச் சத்தத்துல முன்பாதி அடிபட்டுப் போனா ரெண்டு மாதிரிதான கேட்கும்? உங்க மேல ஒரு தூசியும் விழாது," என்றார். யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதற்கு முன்பே என் தங்கை மருத்துவமனையில் தங்கள் ஆட்களிடம், "அக்கா பன்னெண்டுன்னுதான் சொன்னாங்க, எனக்குத் தெளிவா கேட்டுச்சு," என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது என் வேலை போய்விடக் கூடாது என்பதற்காக. ஆனால் பக்கத்தில் நின்றவளுக்குப் பன்னிரண்டு என்று தெளிவாகக் கேட்டிருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும், கேட்டும் கொட்டினார் என்றால் அது வேண்டுமென்று செய்தது என்றே ஆகும். இது அவளுக்கு அப்போது தெரியாது. இதை வைத்துத்தான் அவரைத் தாங்கள் பிடித்து வைத்திருப்பதாக நேற்று கேள்விப்பட்டேன். நான் பன்னிரண்டு என்று சொல்லவில்லை. சத்தம் எதையும் விழுங்கவில்லை. இரண்டு என்றுதான் சொன்னேன்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். இடது கண் தேறிவிடும், வலது கண்ணை இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். இரண்டிலும் கட்டுப் போட்டிருக்கிறது. நான் உள்ளதைச் சொல்லப்போவதாகவும், அவள் சொன்னதை வைத்துத்தான் இன்ஜினியர் மாட்டியிருக்கிறார் என்றும் அவளிடம் சொன்னேன். "அப்ப நான் பொய் சொன்னவள்னு எழுதிடுவாங்களே," என்றாள். எழுதட்டும், எனக்காகச் சொன்னாய் என்று நான் சொல்கிறேன் என்றேன். "உன் வேலை?" என்றாள். போனால் போகட்டும் என்றேன். அவள் என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு, "சரி, போ. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் படி. உனக்குப் பாதியில விட்டுட்டு ஓடுற பழக்கம்," என்றாள்.

அவள் முதலில் சொன்னதற்காக அவள்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னவை அல்ல. எழுத்தர் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே வாங்கி, கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)